நைனாவின் கட்டைவிரலோடு வந்த பெண்

1

எழுபத்து மூன்று வயதில் எங்க நைனா எங்களுக்குத் தெரியாமல் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்று நான் முழுதாக ஒன்றரை மணி நேரம் நம்பினேன். அதற்கு முந்தின பத்து நிமிடம் நம்பியது இன்னும் மோசம். யாரோ ஒரு பெண் அவருடைய கட்டைவிரலை வெட்டி எடுத்து, அதை வைத்து எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள் என்று நம்பினேன்.

நான் படித்தவன்தான். ஜெர்மனியில் பத்தொன்பது வருஷமாகத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறேன். ஏதாவது கோளாறு என்றால் இயந்திரம் பதறாமல், முறையாக நின்று, முறையாகத் தகவல் சொல்ல வேண்டும். அதற்கான வழியை எழுதுவது என் வேலை. இயந்திரங்கள் நன்றாகவே கற்றுக்கொண்டன. எழுதினவனுக்குத்தான் ஏறவில்லை.

2

எங்கள் பூர்வீகம் விஜயபுரம் பக்கம், வேர்க்கடலை போட்ட குடும்பம். நைனா மட்டும் பஸ் டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து திருப்பதிக்கு வந்தார். ஒரு சந்தில் வீடு கட்டினார், அங்கேயே ரிட்டையர் ஆனார். அம்மா போய் மூன்று வருஷம். போன வருஷம் மே மாதம் ஒருநாள் நைனா பின்பக்கத்துத் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் சித்தூரில் டீச்சராக இருக்கும் என் அக்கா சரளா அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள்: வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நைனா சித்தூருக்கு அவளோடு வந்துவிட வேண்டியது.

"உன் வூட்ல எனக்கு இன்னா வேலை? சோபாவுக்குத் துணையா?" என்றார் நைனா.

"நீ இங்க மறுபடியும் உய்ந்து கெடந்தா யாரு பாக்கறது?"

"முனி பாப்பான். போன்ல பாக்கறதுக்குத்தானே அவனை அம்மாந்தூரம் அனுப்பி வெச்சேன்."

முனி நான்தான். முழுப் பெயர் முனிரத்தினம். இங்கே ஆபீஸில் அதை உச்சரிக்க முயன்று பல பேர் தோற்றுப்போனதால் அவர்களுக்கும் முனிதான்.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு வருஷம் சோதனை. நான் கருவிகளை மாட்டி வீட்டைக் கண்காணிப்பேன். அந்த ஒரு வருஷத்தில் ஒரே ஒரு அசம்பாவிதம் நடந்தாலும் வீட்டுக்குப் பூட்டு, நைனாவுக்குச் சித்தூர். அக்கா இதை வெள்ளைத் தாளில், மண்டல ஆபீஸுக்கு எழுதும் மனு மாதிரி தெலுங்கில் எழுதி மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினாள்.

"அசம்பாவிதம்னா இன்னான்னு இதுல எழுதலியே?" என்று கேட்டார் நைனா, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு.

"நான் பயந்தா அது அசம்பாவிதம். போடு கையெய்த்து."

3

லீவில் போய் மொத்தம் பதினோரு கருவிகள் மாட்டினேன். வாசலிலும் கூடத்திலும் கேமரா, விரல் வைத்தால் திறக்கும் பூட்டு, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச், கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டி, ஆள் நடந்தால் எரியும் விளக்குகள், இப்படி. இதில் ஒவ்வொன்றும் அதனதன் கம்பெனிக்கு மட்டும்தான் விசுவாசம். ஏழு ஆப், ஏழு பாஸ்வேர்ட். ஒரு வருமானச் சான்றிதழுக்கு ஏழு ஜன்னல் ஏறி இறங்குகிற மாதிரி, நைனா ஒரு ஃபேனைப் போட ஏழு ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு, எழுந்து போய்ச் சுவரில் இருந்த பழைய ஸ்விட்சையே தட்டினார்.

ஆகவே உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வாங்கி, பதினொன்றையும் அதற்குக் கீழே கொண்டுவந்தேன். சாமி படங்கள் இருக்கும் அலமாரியில் அதை வைத்தேன். ஆயுத பூஜைக்கு நைனா அதற்கும் பொட்டு வைத்துவிட்டார். வாயால் சொன்னாலும் கேட்கும்படி செய்தேன். ஆனால் அதற்குப் புத்தகத் தமிழ்தான் புரிந்தது. "ஃபேன் போடு" என்றால் மௌனம். "மின்விசிறியை இயக்கவும்" என்றால் ஓடும். முப்பத்தைந்து வருஷம் டிப்போவில் வேலை பார்த்த எங்க நைனா வாழ்நாளில் மரியாதையாகப் பேசிய ஒரே ஜீவன் அந்த மின்விசிறிதான்.

கருவிகளைச் சேர்ப்பது சுலபம். அவை அனுப்புகிற தகவலைக் குறைப்பதுதான் கஷ்டம். முதல் வாரம் என் போனுக்கு ஒரு நாளைக்கு இருநூறு செய்தி வந்தது. பூனை வந்தது, பூனை போனது என்று. அதையெல்லாம் வெட்டி வெட்டி, கடைசியில் திரையில் ஒரு தகவல் பலகை, அதில் ஒரே ஒரு வரிசை என்று கொண்டுவந்தேன். பச்சை என்றால் எல்லாம் வழக்கம்போல். மஞ்சள் என்றால் ஏதோ புதுசு. சிவப்பு என்றால் ஓடு.

நைனா அந்தப் பலகையைத் தன் டேப்லெட்டில் பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"என் வூட்டை நீ பாக்கறதுன்னா உன் வூட்டை நான் பாக்கணும். ரெண்டு வரிசை போடு. இல்லன்னா எல்லாத்தையும் கழட்டி மூட்ட கட்டினு போ."

நியாயம்தான் என்று என் ஜெர்மன் வீட்டுக் கருவிகளையும், காபி மிஷின் உட்பட, சேர்த்து இரண்டாவது வரிசையாகப் போட்டேன். போட்டதை மறந்தும் போனேன்.

4

அந்த அக்டோபரில் எனக்கு வேலை போயிற்று. கம்பெனி ஒரு பிரிவை மூடியது, அந்தப் பிரிவில் நான் இருந்தேன். அவ்வளவுதான் கதை. ஆனால் அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் ஒரு சின்ன ஆலமரத்தைக் காலி செய்திருக்கும். இந்த நாட்டில் வேலை இல்லாமல் இருப்பதற்கு நிறைய வேலை செய்ய வேண்டும். மூன்று படிவம் நிரப்பினால், அவற்றைப் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு கடிதம், நான்காவது படிவத்தோடு வரும்.

வேலை தேடித் தரும் அலுவலகத்தில் ஒரு அம்மா எனக்குப் பொறுமையாக விதிகளை விளக்கினார். நம்ம ஊரில் "சரி சரி" என்று தலையாட்டுகிற மாதிரி நான் "யா, யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. அப்படி இரட்டையாகச் சொன்னால் இங்கே 'போதும், வாயை மூடு' என்கிற ரகம் என்று என் மகள் கீர்த்தி சாயங்காலம் சொன்னாள். பத்தொன்பது வருஷமாக நான் எத்தனை பேரை வாயை மூடச் சொல்லியிருக்கிறேன் என்று அன்று ராத்திரி கணக்குப் போட ஆரம்பித்துத் தூங்கிப்போனேன்.

கீர்த்திக்குப் பதினாலு வயசு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். நான் எங்க அப்பாவை நைனா என்கிறேன். அவள் என்னை 'பப்பா' என்கிறாள். எங்கள் வீட்டில் மூன்று மொழி உண்டு, மூன்றிலும் எனக்குத் திட்டு விழும்.

நைனாவிடம் வேலை போனதைச் சொல்லவில்லை. போன் வந்தால் "ஆபீஸ்ல கீறேன் நைனா, அப்புறம் பேசறேன்" என்று சமையலறையில் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்திச் சொல்வேன். மார்ச்சில் வேறு வேலை கிடைத்தது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

5

இந்த மே மாதம். சோதனை வருஷம் முடிய இன்னும் ஒன்பது நாள். ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் காலை எட்டு மணி, திருப்பதியில் பதினொன்றரை. நானும் கீர்த்தியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மனைவிக்கு அன்று மருத்துவமனையில் ட்யூட்டி. நைனா வரிசை மஞ்சளுக்கு மாறியது.

'பழக்கமில்லாத ஆள் வாசலில்' என்றது பலகை. அடுத்த வினாடி, 'கதவு திறந்தது: நைனா, கட்டைவிரல்' என்றது.

வாசல் கேமராவைத் திறந்து பின்னோக்கிப் பார்த்தேன். நைனா இல்லை. பச்சைப் பட்டுப் புடவை கட்டின ஒரு பெண். முகம் முழுக்க மஞ்சள், நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். தலையைக் குனிந்தபடி வந்து, நைனாவின் விரலுக்கு மட்டுமே திறக்கிற பூட்டில் கையை வைத்தாள். திறந்துகொண்டது.

நைனாவின் போனுக்கு அடித்தேன். அது வீட்டுக்குள்ளேயே அடிப்பது கேமரா வழியாக எனக்கே கேட்டது. எடுக்க ஆள் இல்லை. என் புத்தி நேராகக் கட்டைவிரலுக்குப் போனது. எங்கோ ஒரு பாழடைந்த கட்டடத்தில், விரல் இல்லாத கையோடு நைனா.

கூடத்துக் கேமராவில் அந்தப் பெண் சாமி அலமாரியைத் திறந்தாள். ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து இடுப்பில் செருகினாள். திருடி! கேமராவில் இருக்கும் ஸ்பீக்கரை முழுச் சத்தத்துக்கு வைத்து, தெலுங்கில் கத்தினேன்: "எவரம்மா நுவ்வு? மா நைனா எக்கட?" யாரம்மா நீ, எங்க நைனா எங்கே என்று.

அவள் பயப்படவில்லை. நிதானமாகத் திரும்பி, இடுப்பில் கை வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கீச்சுக் குரலில், தெலுங்கும் தமிழுமாக ஆரம்பித்தாள் பாருங்கள்.

"டேய் பரதேசி! ஊரை வுட்டு ஓடிப்போன நாயே! பொட்டிக்குள்ள குந்திக்கினு என்னையே யாருன்னு கேக்கறியா? துன்ன சோத்துக்கு வெக்கம் கீதாடா உனக்கு? வேலவெட்டி இல்லாத கய்தே..."

இது தணிக்கை செய்த பகுதி. மீதியை எழுதினால் இதை வெளியிடமாட்டார்கள். அரை நிமிடம் மூச்சு விடாமல் திட்டினாள். நடுவில் வந்த அந்த வேலைவெட்டி மட்டும் சுருக்கென்றது. கடைசியில் இடுப்பிலிருந்து ஒரு பிடி குங்குமத்தை எடுத்து என் முகத்தில், அதாவது கேமராவின் முகத்தில், விசிறினாள். திரை முழுக்கச் சிவப்பு.

கேமரா குருடாகிவிட்டதால் வரிசையும் சிவந்தது. வரிசை சிவந்தால் என்னென்ன நடக்க வேண்டும் என்று நானே எழுதி வைத்திருந்தேன், அத்தனையும் நடந்தது. திருப்பதி வீட்டில் சைரன் ஊளையிட்டது. சித்தூரில் அக்காவின் போன் அடித்து, என்றோ ஒரு நல்ல நாளில் நான் பதிவு செய்த என் குரல், வானிலை அறிக்கை வாசிக்கிற நிதானத்தில் சொன்னது: "அக்கா, பதற வேண்டாம். நைனா வீட்டில் அசம்பாவிதம்."

6

கீர்த்தி பழைய காட்சியை ஓடவிட்டு ரொட்டியைக் கடித்தபடி பார்த்துவிட்டு, வழக்கம்போல் ஜெர்மனில் சொன்னாள்:

"பப்பா, இந்த அம்மா தாத்தா மாதிரியே இடது காலைத் தேய்ச்சு நடக்கறாங்க."

"அதேதான்!" என்றேன். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "ரொம்ப நாளா பழக்கம். கூடவே இருந்து இருந்து நடையும் ஒட்டிக்கிச்சு."

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. பட்டுப் புடவை, மஞ்சள், பூ, வளையல். திட்டுக்குப் பின்னால் தெருவில் மேளச் சத்தம்கூடக் கேட்டது. மேளம்! திருடிக்கு யார் மேளம் கொட்டுவார்கள்? கதவுக்கு நைனாவே அவள் விரலையும் பதிந்து கொடுத்திருக்கிறார். அவர் மெக்கானிக் ஆயிற்றே, அது ஒரு வேலையா.

காலிங் பெல் அடித்தது. கீழ்வீட்டு அம்மா. இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தாலே கடிதம் போடுவார்கள்; நான் தெலுங்கில் அலறியிருக்கிறேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். என் அப்பாவுக்குப் புதிதாக ஒரு பெண் துணை வந்துவிட்டாள் என்று துக்கத்தோடு சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துகள், எவ்வளவு சந்தோஷமான விஷயம்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நைனா போனை இன்னும் எடுக்கவில்லை. அக்காவுக்கு அடித்தேன். அவள் என் பதிவுக் குரல் கேட்ட ஐந்தாவது நிமிடம் பஸ் ஏறியிருந்தாள். புத்தலப்பட்டு தாண்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, நைனா கல்யாணம் பண்ணிக்கினாரு."

"இன்னாடா ஒளர்ற? பஸ்ல கீறேன், எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணு எப்பிடி கீறா?"

"நல்ல ஒசரம். வாய் ரொம்ப நீளம்."

"வயசு?"

"மஞ்சா பூசினு கீறா, தெரில. பச்சைப் பட்டுப் பொடவை."

"பார்டர்?"

"மாம்பழ மஞ்சள்ல, சின்னச் சின்ன யானையா..."

பஸ் ஹாரன் கேட்டது. பிறகு அக்கா சொன்னாள்: "அது அம்மா பொடவைடா முனி. என் கல்யாணத்துக்கு எடுத்தது. கேட்டேன், எனக்கே குடுக்கல அவரு. பொட்டில இருக்கட்டும்னாரு."

பழைய காட்சியை மறுபடி ஓடவிட்டு அந்த யானைகளைப் பார்த்தேன்.

"இன்னிக்கே அந்த வூட்டைப் பூட்றேன்," என்றாள். "அவரு என்னோட வர்றாரு. நீ குறுக்க பேசாத. பத்திரத்துல கையெய்த்து போட்டுகீற."

ஒன்பது நாள்தான் பாக்கி என்ற நினைப்பு வந்தது. நைனா அந்த வீட்டில் எப்படியும் இருந்துவிட வேண்டும் என்று இந்த ஒரு வருஷமும் நான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

7

ஒரு மணி நேரம் கழித்து அக்கா வீடியோவில் வந்தாள். திருப்பதியில் எங்கள் சந்து முனையில் நின்றுகொண்டிருந்தாள். போனை மெதுவாகச் சுற்றிக் காட்டினாள்.

தெரு முழுக்கப் பெண்கள். பட்டுப் புடவை, சவுரி, பூ, வளையல். உற்றுப் பார்த்தால் பாதிப் பேருக்கு மீசை.

கங்கம்மா ஜாத்திரை.

ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜாத்திரை என்றால் எங்கள் ஊர் அம்மன் கங்கம்மாவின் திருவிழா; அந்த வாரத்தில் வேண்டுதல் வைத்தவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு வேஷம் போடுவார்கள். ஒருநாள் நாமக்கட்டி பூசி, ஒருநாள் கரி பூசி. ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பெண் வேஷம் கட்டுவார்கள். வேஷம் போட்டவர்கள் யாரையும் எப்படியும் திட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அது சாபம் இல்லை, அம்மனே திட்டுகிறாள், பிடித்த பீடை விட்டுப்போகும் என்று கணக்கு. இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துத் திட்டச் சொல்லி நிற்கிறவர்களும் உண்டு. நானே ஏழு வயதில் உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு, ஹெட்மாஸ்டரை வாய் வலிக்கத் திட்டிவிட்டு வந்தவன். அந்த வாரம் எப்போது வருகிறது என்று என் பலகையில் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. ஜெர்மன் விடுமுறைகள் அத்தனையும் அதில் இருக்கின்றன.

"எனக்கும் தோணலடா," என்றாள் அக்கா. "நைனா என்னிக்காவது வேஷம் கட்டியிருக்காரா? கட்றவனைப் பாத்துச் சிரிப்பாரு."

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், சவுரியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் மோர் குடித்துக்கொண்டிருந்தாள். காலடியில் நைனா பிடுங்கிப் போட்ட சைரன் கிடந்தது.

"இன்னாடா, காது குளுந்துச்சா?" என்றார் நைனா போனைப் பார்த்து. "பக்கத்து வூட்ல வேஷம் கட்டிக்கினு பாத்தா, முடிச்சை இங்கயே மறந்துட்டேன். எடுக்க வந்தா நீயா வந்து மாட்டின. கோயிலுக்குப் போறதுக்குள்ள ஒன்ன எப்பிடித் திட்டறதுன்னு யோசிச்சினு இருந்தேன்."

"அம்மா பொடவைய எதுக்குக் கட்டின?" என்றாள் அக்கா.

"வேற யாரு பொடவைய கட்டச் சொல்ற? அவளும் கூட வந்தாப்ல இருக்கட்டும்னுதான்."

"எதுக்கு நைனா வேண்டுதல்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஆபீஸ் போறவன் வூட்ல பகல் பதினோரு மணிக்குக் காபி மிஷினு எதுக்குடா ஓடுது? அக்டோபர்லேர்ந்து தெனமும் உன் வரிசைல ஆள் கீறாங்கன்னே காட்டிச்சு. கேட்டா ஆபீஸ்ல கீறேன்ன. சரி, சொல்ல வாய் வரல போலன்னு வுட்டுட்டேன். கங்கம்மாவுக்கு முடிஞ்சு வெச்சேன். மார்ச்சுல வூடு காலியாச்சு. காபியும் நின்னுச்சு."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "வேல போச்சாடா உனக்கு?"

"போச்சு அக்கா. வந்துடுச்சு."

பின்னால் கீர்த்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நான்தான் சொன்னேனே, அது தாத்தா நடை," என்றாள். தமிழில் சொன்னாள்.

8

அதற்குப் பிறகு நான் எழுதி வைத்த விதிகளில் முக்கால்வாசியை அழித்துவிட்டேன். பழக்கமில்லாத ஆள் வந்தால் இப்போது பலகை யாருக்கும் சொல்வதில்லை. இரண்டு வரிசையும் அப்படியே இருக்கின்றன.

நடந்தது இதுதான். எங்க நைனா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எனக்கு வேலை கிடைத்தால் பெண் வேஷம் கட்டி வருவதாக வேண்டிக்கொண்டார், கிடைத்தது, கட்டினார். அக்கா அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் முடிச்சைச் செலுத்திவிட்டு வந்து, மஞ்சளைக் கழுவ வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அம்மாவின் புடவையைத் தானே உதறி மடித்துப் பெட்டியில் வைத்தாள். சாயங்காலம் சித்தூர் பஸ்ஸில் தனியாகத்தான் ஏறினாள்.